இரண்டாம் சுற்றில் ஒரு தொட்டி

வார்டோவில் ஜனவரி பாதிவரை விடிவதில்லை.
துறைமுக எடைக்கொட்டகையில்
ஒரு தொட்டிக் காட் மீன்
நாற்பதாயிரத்து நூற்றைம்பது கிலோ
என்றது தாள்.

தொர்லெய்வ் சிரிக்காமல் நீட்டினார்.
"இது ஏறியிருந்தால்
லுண்டே முழுகியிருக்கும்.
படகு இதோ கட்டிக் கிடக்கிறது,
ஹோல்வார் காசு கேட்கிறான்."

பழைய கணினி நவம்பரில் செத்தது.
அதன் எடைக்கணக்கு மட்டும்
நெகிழ்வட்டில் மிச்சம்.
எழுதியவர் யாரோ, ஒரு குறிப்பும் விடவில்லை.
மீன் கம்பெனி புதுசுக்குப் பணம் தராது.
ஆகவே இல்லாத ஒரு சில்லை
இருப்பதுபோல் நடிக்க
மடிக்கணினிக்குக் கற்றுக்கொடுத்தேன்.

எண்பது எண்பத்தாறின் விலாசம் ஒரு விநோதம்:
பகுதியைப் பதினாறால் பெருக்கி
உள்தூரத்தைக் கூட்ட வேண்டும்.
ஒரே வீட்டுக்கு
நாலாயிரத்துச் சொச்சம் கதவிலக்கம்.
தபால்காரன் தலை சுற்றாதிருக்க
கூட்டி முடித்து ஒற்றை எண்ணாக்கிவிட்டு
அதற்குமேல் யோசிக்காமல் விட்டேன்.
சறுக்கல் அங்கேதான்.
ஆனால் அது தெரிய மூன்று இரவு.

முதல் இரவு
அடுக்கைச் சுட்டும் பதிவகத்தைச் சந்தேகித்தேன்.
அடுக்குப் பகுதிக்குப் போகாமல்
தரவுப் பகுதிக்குப் போகிறதோ?
இல்லை, ஒழுங்காகத்தான் போயிற்று.
அதனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாம் இரவு தராசைச் சந்தேகித்தேன்.
தொர்லெய்வ் கோபமாக ஏறி நின்றார்.
தொண்ணூற்றொன்று.
"பூட்ஸோடு," என்றார்.

மூன்றாம் இரவு, காப்பி ஆறிய பிறகு,
எண்ணத் தொடங்கினேன்.
தொட்டிக்கு மூன்று பைட்டு:
ஒன்று படகின் எண், இரண்டு எடை.
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு பைட்டில்
பகுதி நிறைந்தால்
எழுதியவர் திரும்பிப் போகச் சொல்லவே இல்லை.
சொல்லத் தேவையில்லை.
கடைசியைத் தாண்டினால் முதல்,
சில்லே வளைந்து தரும்.
அந்த ஆள் அதை நம்பி
ஒரு வரி மிச்சம் பிடித்திருக்கிறார்.

மூன்று அதில் சரியாக வகுபடாது.
முதல் சுற்று தப்பித்தது.
இரண்டாம் சுற்றின் முடிவில்
ஒரு தொட்டியின் எடை
வாசற்படியில் பிளந்து நின்றது,
கீழ்ப்பாதி கடைசி வீட்டில்,
மேல்பாதி
முதல் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.
என் சில்லோ நேராக நடந்து
அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டது.

அங்கே குடியிருந்தது
அச்சுப்பொறியின் வரி எண்ணிக்கை.
அதை நாம் பூஜ்யமாக்கினோம்.
பாவம், அது மறுபடி
ஒன்று இரண்டு என்று எண்ணி
நூற்றைம்பத்தாறுக்கு வந்தபோது
மாலைக் கணக்கு கூட்ட வந்தோம்,
நம்முடையது என்று நினைத்து
அதன் நூற்றைம்பத்தாறை
எடுத்து வந்தோம்.

போன வாரம் தாள் ஏன்
பக்கத்தின் நடுவில் கிழிந்தது என்பதும்
அப்போதுதான் விளங்கியது.
அதற்கு நான் தாளைத் திட்டியிருந்தேன்.

திருத்தம் இரண்டே இடம்.
படிக்கும்போதும் எழுதும்போதும்
இரண்டாம் பைட்டுக்கு
உள்தூரத்தைத் தனியே கூட்டி,
பதினாறு பிட்டுக்கு மேல் வழிவதை வெட்டி,
அப்புறம்தான் பகுதியோடு சேர்.
முன்னும் பின்னும் மாற்றிவைத்த
ஒரு கூட்டல், அவ்வளவே.

காலை ஆறரை, அதே இருட்டு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலில் எடுத்ததை
மறுபடி அளந்தேன்.
இருநூற்றுப் பதினான்கு.

தொர்லெய்வ் தாளை மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்தார்.
அடுத்த பிளவு இன்னும்
அறுபத்தையாயிரத்துச் சொச்சம் தொட்டி கழித்து.
"அதுவரை இந்த மடிக்கணினி இருக்குமா?"
"மீன் இருக்குமா?" என்றேன்.

ஹோல்வார் உள்ளே வந்தான்,
தாடியில் உப்பு.
எண்ணைப் பார்த்தான்.
"இருநூற்றுப் பதினான்கா?
இருபது இருக்கும்," என்றான்.